பகலில் இருக்கை, இரவில் படுக்கை: ரயில் பெட்டிக்குள் ஒரு கணக்கு

கடலூர் துறைமுகம் சந்திப்பிலிருந்து மைசூருக்குப் போகும் விரைவு ரயில் பிற்பகலில் கிளம்புகிறது. சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம் தாண்டும் வரை அது உட்கார்ந்து போகிற ரயில். ஜன்னலோரம் யாருக்கு என்பதுதான் அப்போதைய பெரிய பிரச்சினை. சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பிரித்துச் சாப்பிட்டு, கை கழுவி வந்த பிறகு அதே பெட்டி படுத்துப் போகிற ரயிலாகிவிடுகிறது. மறுநாள் காலையில் மைசூர். புதுச்சேரியிலிருந்து புது தில்லிக்கும் ஹவுராவுக்கும் மும்பை தாதருக்கும் போகிற ரயில்களில் இந்த மாற்றம் அதோடு முடிவதில்லை. விடிந்ததும் படுக்கை மறுபடி இருக்கையாக வேண்டும்.

ஒரே இடம், அதே பயணிகள். பகலில் அவர்களுக்கு இருக்கை வேண்டும், இரவில் படுக்கை வேண்டும். இரண்டையும் ஒரே பலகையே கொடுத்தாக வேண்டும் என்பதுதான் ரயில் பெட்டியின் உள்வடிவமைப்பில் முதல் சிக்கல். நிறம், விளக்கு, செல்போன் சார்ஜர் எல்லாம் அதற்குப் பிறகுதான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் மூன்றடுக்குப் பெட்டி படுக்கையாகத் தேறிவிடுகிறது, இருக்கையாகத்தான் தோற்கிறது. எப்படித் தோற்கிறது என்று பார்க்கப் பொறியியல் படிப்பு வேண்டியதில்லை, ஓர் அளவு நாடா போதும்.

மூன்று மீட்டரைப் பங்கு போடுவது

இந்திய அகலப் பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ. இடைவெளி. உலகில் மிகுதியாகப் புழங்கும் பாதையின் இடைவெளி 1,435 மி.மீ. பாதை அகலமாக இருப்பதால் பெட்டியையும் அகலமாகக் கட்ட முடிகிறது. இப்போது பரவலாக ஓடும் எல்.எச்.பி. வகைப் பெட்டியின் வெளி அகலம் 3.24 மீட்டர். நம் பக்கத்தில் இந்த அகலம் வந்தது சமீபத்தில்தான். 1879இல் திறக்கப்பட்ட விழுப்புரம்–புதுச்சேரி பாதை 2004இல்தான் அகலப் பாதையானது. கடலூர் வழியாகச் செல்லும் விழுப்புரம்–மயிலாடுதுறை பாதைக்கு அந்த வாய்ப்பு 2010இல் கிடைத்தது. அதற்கு முந்தைய மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் இடைவெளிப் பாதையின் பெட்டியில் போனவர்களுக்கு நெருக்கம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

சுவர்களின் தடிமனைக் கழித்தால் உள்ளே ஏறத்தாழ மூன்று மீட்டர் மிஞ்சும். அதில் குறுக்குவாக்கில் அமைந்த படுக்கைக்குச் சுமார் 1.85 மீட்டர் போகிறது. எதிர்ப் பக்கம் ஜன்னலை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும் சைடு பெர்த்துக்கு அரை மீட்டருக்குச் சற்று அதிகம். மீதி இருப்பது நடைபாதை. ஆறடி என்பது 183 செ.மீ. அதற்கு மேல் ஒரு விரற்கடை உயரம் கூடினாலும் கால் வெளியே வந்துவிடும். நடைபாதையில் போகிறவரின் முகத்துக்கு நேரே மேல் பெர்த்காரரின் பாதம் நீட்டிக்கொண்டிருந்தால் அவரைத் திட்டிப் பயனில்லை.

சைடு பெர்த்தின் நீளம் வேறொரு கணக்கிலிருந்து வருகிறது. அது ரயிலின் நீளவாக்கில் இருப்பதால், குறுக்கே ஆறு, சைடில் இரண்டு என எட்டுப் பேர் கொண்ட ஒரு பகுதி எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் அதன் நீளமும். எதிரெதிர் பெர்த்துகளுக்கு இடையே முழங்கால் வைக்கக் கிடைக்கும் இடமும் அதே நீளத்திலிருந்துதான் வர வேண்டும். ஒரு பெட்டிக்குள் இன்னும் ஒரு பகுதியைச் செருகப் பார்த்தால் இரண்டும் சேர்ந்து குறையும். பழைய ஐ.சி.எஃப். வகை தூங்கும் வசதிப் பெட்டியில் ஒன்பது பகுதிகள், 72 படுக்கைகள். எல்.எச்.பி.யில் பத்துப் பகுதிகள், 80 படுக்கைகள். இங்கே பெட்டியே இரண்டு மீட்டருக்கு மேல் நீண்டுவிட்டதால் சமாளித்தார்கள். 2021இல் வந்த மூன்றடுக்கு ஏ.சி. எகானமி பெட்டியில் 83 படுக்கைகள் வைத்தார்கள். வழக்கமான மூன்றடுக்கு ஏ.சி.யில் 72தான். பெட்டிக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த மின்சாரப் பலகைகளைத் தளத்துக்கு அடியில் கொண்டுபோய் வைத்ததால் கூடுதல் இடம் பிறந்தது. இடத்தைத் திருடுவதற்கும் கண்டெடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இது பெரும்பாலும் கண்டெடுத்த இடம் என்பதால் எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை.

திருடிய இடத்துக்கும் உதாரணம் இருக்கிறது. சைடு லோயருக்கும் சைடு அப்பருக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு சைடு மிடில் பெர்த்தைச் செருகிப் பார்த்தார்கள். அங்கே படுத்தவர் புரள முடியவில்லை. கீழே இருந்தவர் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. தூங்கும் வசதிப் பெட்டிகளில் வந்த எதிர்ப்பைப் பார்த்து அதைக் கழற்றிவிட்டார்கள்.

நடுப் படுக்கை என்னும் நாட்டாமை

இப்போது உயரத்தைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தால், உட்காரும் பலகையிலிருந்து உச்சந்தலை வரை 85 முதல் 90 செ.மீ. வரும். கீழ்ப் பலகை தரையிலிருந்து ஏறக்குறைய முழங்கால் அளவுக்கு, சுமார் 45 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் மூன்று பேர் ஒருவர் மேல் ஒருவராக நிமிர்ந்து உட்கார வேண்டுமென்றால் மூன்று மீட்டருக்கு மேல் உயரம் தேவை. பெட்டிக்குள் அது கிடையாது. கூரைக்குள் குளிர்காற்றுக் குழாய் போனால் இன்னும் குறையும். இரண்டு பேர் என்றால் இரண்டேகால் மீட்டரில் சமாளிக்கலாம். இரண்டடுக்குப் பெட்டியில் மேலே இருப்பவரும் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம், மூன்றடுக்கில் எல்லாரும் முதுகு வளைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். டிக்கெட் விலையில் இருக்கும் வித்தியாசத்தின் பெரும் பகுதி அந்த அரை மீட்டர் காற்றுக்குத்தான்.

ஆகவே பகலில் நடுப் படுக்கை காணாமல் போக வேண்டும். அதைக் கீல் வைத்துக் கீழே மடித்தார்கள். மடித்ததும் அது கீழ்ப் படுக்கைக்கு முதுகுச் சாய்வாகிவிடுகிறது. ஒரே பொருள் இரவில் மெத்தை, பகலில் சாய்மானம். தனியாக இடம் அடைப்பதில்லை. ஐரோப்பாவில் ஆறு பேர் படுக்கும் அறைகளிலும் இதே தந்திரம்தான். நான் இதைக் குறைசொல்ல மாட்டேன், கெட்டிக்காரத்தனமான யோசனை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்தச் சாய்வு ஏறக்குறைய செங்குத்தாகத் தொங்குகிறது. இடுப்பு வளைவுக்கு ஆதரவில்லை, கழுத்துக்கும் இல்லை.

நடுப் படுக்கை ஒருவருடையது, அதைத் தூக்கினால் பாதிக்கப்படுபவர் வேறொருவர். எனவே இங்கே கீலும் சங்கிலியும் மட்டும் போதாது, சட்டமும் வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தூங்கும் நேரம், மற்ற நேரத்தில் கீழ்ப் படுக்கையில் மற்றவர்கள் உட்கார இடம் விட வேண்டும் என்பது ரயில்வேயின் விதி. 2017க்கு முன்பு இது இரவு 9 மணியிலிருந்தே தொடங்கியது. இந்த விதியை நான் வடிவமைப்பின் ஓர் உறுப்பாகவே பார்க்கிறேன். அது இல்லாவிட்டால் அந்தக் கீலுக்குப் பொருளே இல்லை.

"தம்பி, நடுப் பலகையை இறக்கிவிடலாமா? கொஞ்சம் உட்கார வேண்டும்."

"இன்னும் ஆறு ஆகவில்லை, ஐயா. பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்."

இந்த உரையாடல் நடக்காத காலைப் பொழுது எந்த மூன்றடுக்குப் பெட்டியிலும் இருக்காது. பெரியவர் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார், இளைஞர் எட்டு மணி வரை தூங்குவார். வயதுக்கேற்ற தூக்க வித்தியாசத்தை ஒரு கடிகார விதி தீர்க்க முடியாது. கீழ் இருக்கையில் குனியாமல் ஒருவராவது உட்காரும்படி நடுப் பலகையின் ஒரு முனையைச் சற்றுச் சரித்து மாட்ட இரண்டாவது கொக்கி இருந்தால் பாதிச் சண்டை தீரும் என்று தோன்றுகிறது.

திண்ணையா, நாற்காலியா

நாற்காலிப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. பகலில் கீழ்ப் படுக்கையில் மூன்று பேர். 185 செ.மீ.யை மூன்றால் வகுத்தால் ஒருவருக்குச் சுமார் 62 செ.மீ. நாற்காலிப் பெட்டியில் ஒரு வரிசைக்கு ஐந்து பேர்; நடைபாதை போக ஒருவருக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 50 செ.மீ. அகலத்தில் படுக்கைப் பெட்டிதான் தாராளம். இருந்தும் நான்கு மணி நேரப் பகல் பயணத்துக்குப் பிறகு படுக்கைப் பெட்டியிலிருந்து இறங்குபவர்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்.

காரணம் பலகையின் ஆழம். கால் தரையில் படும்படி உட்காரும் ஒருவருக்கு, முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை தேவையான ஆழம் சுமார் 45 செ.மீ. படுக்கையின் அகலமோ 60 செ.மீ. அளவில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் தூங்குபவர் விழுந்துவிடுவார். அந்த வித்தியாசம்தான் முதுகுவலியாகிறது. முதுகு சாய்மானத்தில் பட வேண்டுமென்றால் முழங்கால் மடங்காது. முழங்கால் மடங்க வேண்டுமென்றால் முதுகு அந்தரத்தில். குள்ளமானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது இன்னும் மோசம். அதோடு நல்ல நாற்காலியின் உட்காரும் தளம் பின்பக்கம் சற்றே சரிந்திருக்கும், உடல் முன்னால் வழுக்காது. படுக்கை மட்டமாகத்தான் இருக்க முடியும். ரயில் ஆட ஆட உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நழுவுகிறார், பின்பு நிமிர்கிறார், மறுபடி நழுவுகிறார்.

நம் மக்கள் இதற்குத் தாங்களே ஒரு தீர்வு கண்டுபிடித்துவிட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த ஆழமும் மட்டமும் அதற்குக் கச்சிதம். பழைய வீட்டுத் திண்ணை மாதிரி. மூன்று பேரில் ஒருவர் இப்படி உட்கார்ந்தால் மற்ற இருவருக்கு இடம் சுருங்குகிறது என்பது தனிக் கதை. வடிவமைப்பாளர் இதைக் கெட்ட பழக்கம் என்று ஒதுக்கக் கூடாது. நாற்காலியின் சரிவைக் கொண்டுவந்து திணித்தால் சம்மணமும் போகும், தூக்கமும் போகும். மட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, பகல் நேரத்துச் சாய்மானத்தை மட்டும் பத்துப் பதினைந்து செ.மீ. முன்னால் கொண்டுவந்து, சற்றே சாய்வாக நிறுத்தினால் போதும். ஆழம் தானாகக் குறைந்துவிடும்.

மெத்தை விஷயத்திலும் இரண்டு தேவைகள் மோதுகின்றன. உட்காரும்போது எடை முழுக்க இடுப்புக்குக் கீழுள்ள இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. மெத்தென்ற நுரை அமுங்கிப் பலகையைத் தொட்டுவிடும். படுக்கும்போது எடை உடல் முழுவதும் பரவுவதால் மென்மையான மேற்பரப்பு போதும். அடியில் கெட்டி நுரை, மேலே மென்மையானது என்று இரண்டு அடுக்காக வைப்பது நல்ல சமரசம். மேலே போர்த்தும் ரெக்சின் துடைக்க எளிது, ஆனால் வியர்வையில் ஒட்டும். துணி ஒட்டாது, அழுக்கைக் குடித்துவிடும். இரண்டுக்கும் தீப்பிடிக்காத் தன்மை கட்டாயம். இந்த வசதிகளைப் பற்றி நாம் அலட்டிக்கொள்வதே அண்மைக் காலத்தில்தான். 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்த மது தண்டவதேயின் காலத்தில்தான் இரண்டாம் வகுப்பு மரப் படுக்கைகளுக்கு மெத்தை வைக்கும் வேலை தொடங்கியது. அதுவரை வெறும் பலகை.

சைடு லோயரைப் பற்றி ஒரு வார்த்தை. பகலில் அது எதிரெதிரான இரண்டு இருக்கைகள். பெட்டியிலேயே மிக நல்ல பகல் இடம் அதுதான் என்பேன். ஜன்னல் உங்களுடையது, எதிரில் ஒரே ஒருவர். இரவில் இரண்டு சாய்மானங்களையும் மடித்துக் கீழே சாய்த்தால் படுக்கை. ஆனால் நடுவில் இணைப்பு மேடும் பள்ளமுமாக முதுகில் உறுத்தும். அண்மைய பெட்டிகள் சிலவற்றில் ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரே துண்டான மெத்தைப் பலகையை இழுத்து மேலே போட்டுக்கொள்ளலாம். எளிய திருத்தம்; எழுபது ஆண்டுக்கு முன்பே செய்திருக்கலாம். முழுப் படுக்கை கிடைக்காத ஆர்.ஏ.சி. பயணிகள் இருவர் இதே படுக்கையில் இரவு முழுக்க உட்கார்ந்து போகும் ஏற்பாட்டை எந்த மெத்தையாலும் சரிசெய்ய முடியாது.

ஜப்பான் இரண்டையும் செய்து பார்த்தது

இரண்டு வேலையும் பார்க்கும் பெட்டி என்ற எண்ணம் பழையது. 1860களிலேயே அமெரிக்காவில் ஜார்ஜ் புல்மன் கட்டிய பெட்டிகளில் எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்தால் கீழ்ப் படுக்கை. கூரையோரம் மடித்து வைத்த பலகையை இறக்கினால் மேல் படுக்கை. இந்த எண்ணத்தை ஒரு முழு ரயிலாக்கி உச்சத்துக்குக் கொண்டுபோனது ஜப்பான். 1967இல் 581 வகை மின் ரயிலை அறிமுகப்படுத்தினார்கள், அடுத்த ஆண்டு 583. பகலில் இருக்கை வசதியுள்ள அதிவிரைவு வண்டி. இரவில் மூன்றடுக்குப் படுக்கை வண்டி. ஒரே ரயில் ஓய்வே இல்லாமல் ஓடியது. அன்றைக்குப் பணிமனைகளில் ரயில்களை நிறுத்த இடமில்லாத நெருக்கடி. சும்மா நிற்கும் ரயில் என்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம்.

படுக்கையாக அதற்கு நல்ல பெயர், அதிலும் கீழ்ப் படுக்கை ஒரு மீட்டருக்கு மேல் அகலம். பகல் பயணிகள்தான் முகம் சுளித்தார்கள். படுக்கையாக மாற வேண்டிய இருக்கை எதிரெதிராகத்தான் இருக்க முடியும், பின்னால் சாயவும் முடியாது. மற்ற விரைவு வண்டிகளில் சாயும் இருக்கைகள் வந்துவிட்ட பிறகு, அதே கட்டணம் கொடுத்துவிட்டு முன்பின் தெரியாதவரின் முழங்காலை இடித்துக்கொண்டு போக யாருக்குப் பிடிக்கும்? 1975இல் ஷின்கான்சென் என்னும் அதிவேக ரயில் பாதை ஹகாட்டா வரை நீண்டதும் அவற்றின் முக்கிய வேலையே போயிற்று. 1980களில் பலவற்றை வெட்டித் திருத்தி உள்ளூர் ரயில்களாக ஓட்டினார்கள்.

நம் மூன்றடுக்குப் பெட்டியின் குறையும் அதேதான் என்பதைக் கவனியுங்கள். இரவுக்காகச் செய்த பொருள் பகலை விட்டுக்கொடுக்கிறது. எதிர்த்திசையில் போனவர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரிய ரயில்வே 2023 டிசம்பரில் ஓட்டத் தொடங்கிய புதிய நைட்ஜெட் ரயில்களில் ஒருவர் மட்டும் படுத்துக்கொண்டு உள்ளே தாழிட்டுக்கொள்ளும் சின்னஞ்சிறு கூடுகள் உண்டு. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் அதற்குள் பகல் முழுக்கக் கிடக்க முடியாது, அது இரவுக்கு மட்டுமான தீர்வு. நம் ஊரிலும் 2019இல் தொடங்கிய வந்தே பாரத் பகலுக்கு மட்டுமான நாற்காலி ரயில். இரவுக்கென்று 823 படுக்கைகளோடு வந்தே பாரத் ஸ்லீப்பரைத் தனியாக வடிவமைத்தார்கள். பிரித்துச் செய்தால் இரண்டும் நன்றாக வரும், சந்தேகமில்லை. புதுச்சேரியிலிருந்து தில்லி போகிறவருக்குத்தான் அது உதவாது. அவர் நடுவழியில் பெட்டி மாற முடியாது.

ஆட்டம் எங்கே குறைவு

மனித உடலுக்கு எல்லா ஆட்டமும் ஒன்றல்ல. மேலும் கீழுமான அதிர்வில் வினாடிக்கு 4 முதல் 8 முறை அதிர்வதுதான் உடலை அதிகம் வருத்துகிறது. பக்கவாட்டு ஆட்டத்தில் வினாடிக்கு ஒன்று முதல் இரண்டு முறை. அதிர்வை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 2631 தரநிர்ணயம் இந்த அலைவரிசைகளுக்குக் கூடுதல் எடை கொடுத்துத்தான் கணக்கிடுகிறது. பெட்டியின் இரு முனைகளிலும் உள்ள சக்கரத் தொகுதிகளில் சுருள்வில்களை இரண்டு படிகளாக வைப்பது இந்த அதிர்வுகளை வடிகட்டத்தான்.

உட்கார்ந்திருக்கும்போது முதுகும் கழுத்தும் அதிர்வின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். படுத்திருக்கும்போது தலையே பலகையில் கிடக்கிறது, அதிர்வு நேராக மண்டைக்குப் போகும். பகலில் கண்டுகொள்ளாத தடதடப்பு இரவில் தூக்கத்தைக் கெடுப்பது இதனால்தான். தூங்க நல்ல இடம் வேண்டுமென்றால் சக்கரங்களிலிருந்து விலகிய பெட்டியின் நடுப்பகுதி. 80 படுக்கைப் பெட்டியில் 33 முதல் 48 வரையிலான எண்கள். கழிப்பறைக் கதவின் சத்தமும் வாடையும் அங்கே எட்டாது.

குறுக்கே படுப்பதா நீளவாக்கில் படுப்பதா என்பதும் முக்கியம். ரயில் பக்கவாட்டில் ஆடும்போது குறுக்கே படுத்தவரின் உடல் தலைக்கும் காலுக்குமாக அசைகிறது. அது அவ்வளவு தொந்தரவில்லை. சைடு பெர்த்காரரை அதே ஆட்டம் உருட்டப் பார்க்கிறது. பிரேக் போடும்போது நிலைமை தலைகீழ். ஆனால் பிரேக் எப்போதாவதுதான், ஆட்டம் இரவு முழுக்க. மேலே போகப் போக வீச்சும் கூடுவதால் சைடு அப்பருக்குத்தான் ஆட்டம் அதிகம். விளிம்பில் ஒரு கையகலத் தடுப்பு இருந்தால் தூங்குபவரின் மனம் அமைதியாகும். இறுகப் பிடித்துக்கொண்டு தூங்குவது தூக்கமே இல்லை.

விளக்கும் காற்றும்

விளக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பகலுக்கும் சாப்பாட்டு வேளைக்கும் வெளிச்சம் தாராளமாக வேண்டும். தூங்கும்போது கண்ணில் படாத வெளிச்சம் வேண்டும். நீல ஒளிதான் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை அதிகம் தடுக்கிறது என்பது இன்று தெளிவான உண்மை. நம் பெட்டிகளின் இரவு விளக்கு நெடுங்காலம் நீலம்தான். மங்கலாக இருப்பதால் கேடு குறைவு என்றாலும், இளமஞ்சள் விளக்கைக் கூரையில் வைக்காமல் படுக்கைக்கு அடியில், தரையை நோக்கி வைத்தால் நடப்பவருக்கு வழி தெரியும், படுத்தவருக்குக் கண் கூசாது. தீப் பாதுகாப்பையும் சுத்தத்தையும் கருதி மூன்றடுக்கு ஏ.சி.யில் திரைச்சீலைகளை எடுத்துவிட்ட பிறகு, நடைபாதை விளக்கு கூசாமல் இருப்பது இன்னும் அவசியம்.

காற்று விஷயத்தில் எங்கள் கடலோரத்துக்குத் தனிச் சிக்கல் உண்டு. கடலூரிலும் புதுச்சேரியிலும் வெப்பத்தைவிட ஈரப்பதம்தான் எதிரி. ஒவ்வொரு நிலையத்திலும் கதவு திறக்கும்போது ஈரக் காற்று உள்ளே வருகிறது. ஏ.சி. இயந்திரத்தின் உழைப்பில் கணிசமான பங்கு குளிர்விப்பதற்கு அல்லாமல் ஈரத்தைப் பிழிவதற்கே போகிறது. பகலில் எட்டுப் பேர் விழித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது உடம்பு வெளிவிடும் வெப்பம் அதிகம், தூங்கும்போது குறைகிறது. ஆகவே நள்ளிரவுக்குப் பிறகு அதே அளவு குளிர் தேவையில்லை. ஒன்றிரண்டு டிகிரி ஏற்றிவைப்பது நியாயம். மாலையில் வைத்த குளிரை அப்படியே விட்டுவிட்டால், காற்றுத் துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மேல் பெர்த்காரர் கம்பளிக்குள் சுருண்டுகிடக்க, கீழே இருப்பவர் அதைத் தூக்கி எறிவார். ஒவ்வொரு படுக்கைக்கும் தனிக் காற்றுத் துவாரம் வைத்த எகானமி பெட்டியின் ஏற்பாட்டை மற்ற வகுப்புகளுக்கும் கொண்டுவர வேண்டும்.

ஏ.சி. இல்லாத பெட்டியில் கதை வேறு. மின்விசிறிகள் கூரையில் இருக்கின்றன, ஜன்னல் கீழே இருக்கிறது. பகலில் எல்லாரும் ஜன்னல் மட்டத்தில் உட்கார்ந்திருப்பதால் காற்று கிடைக்கிறது. இரவில் நடுப் பலகையைத் தூக்கியதும் அதுவே ஒரு மூடியாகிவிடுகிறது. மேலே இருப்பவருக்கு விசிறி, கீழே இருப்பவருக்கு ஜன்னல். நடுவில் இருப்பவருக்கு இரண்டிலும் மிச்சம்தான். சித்திரை மாதத்தில் மிடில் பெர்த் கிடைத்தவர் என்ன பாவம் செய்தாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

இரவு இரண்டு மணிக்கு இறங்குகிறவர்

ரயில் வசதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரு பயணியை மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள்: இரவு ஏறிப் படுத்து, காலையில் கடைசி நிலையத்தில் எழுந்து இறங்குபவர். கடலூர்க்காரர்கள் அந்தக் கணக்கில் வருவதே இல்லை. சென்னை எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸோ காரைக்கால் எக்ஸ்பிரஸோ கடலூரின் திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தை அடையும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். நமக்கு அது இரவு ரயில் என்று பெயர்தான். பாதித் தூக்கத்தில் எழுந்து, இருட்டில் செருப்பைத் தேடி, கீழ்ப் படுக்கைக்கு அடியில் சங்கிலி போட்ட பெட்டியை உருவி, நான்கு பேரை எழுப்பிவிட்டுத்தான் இறங்க முடியும்.

இவருக்காக என்ன செய்யலாம்? ஏணியிலிருந்து தொடங்கலாம். பல பெட்டிகளில் அது சுவரில் ஒட்டிய மெல்லிய கம்பிப் படிகள். வெறுங்காலில் வலிக்கும், தூக்கக் கலக்கத்தில் வழுக்கும். படி தட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், பிடித்து இறங்க மேலே ஒரு கைப்பிடி வேண்டும். மூத்த குடிமக்களுக்கும் 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கீழ்ப் படுக்கையில் முன்னுரிமை உண்டு என்றாலும், அது தீர்ந்துபோனால் அறுபது வயதுக்காரரும் மேலேதான் ஏற வேண்டியிருக்கிறது. அடுத்து, அடுத்த நிலையத்தின் பெயர். ஒலிபெருக்கியில் அறிவித்தால் எண்பது பேரும் விழிப்பார்கள். கதவருகிலும் நடைபாதை முனையிலும் மங்கிய எழுத்துப் பலகை இருந்தால், பார்க்க வேண்டியவர் மட்டும் எழுந்து பார்த்துக்கொள்வார். ரயில்வேயின் 139 எண்ணில் எழுப்பும் அழைப்பைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. அதற்கு செல்போனில் சார்ஜ் இருக்க வேண்டும். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜ் செய்யும் இணைப்பை அணைத்துவைக்கும் பாதுகாப்பு ஏற்பாடும் இருப்பதால், ஏறியதுமே செருகிவிடுவது நல்லது.

இவற்றைவிட மலிவான தீர்வு ஒன்று இருக்கிறது, அதைப் பெட்டிக்குள் தேட வேண்டாம். டிக்கெட் ஒதுக்கும் கணினிக்கு யார் எங்கே இறங்குகிறார்கள் என்பது முன்பே தெரியும். திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்திலும் இறங்குபவர்களைக் கதவுக்கு அருகிலுள்ள ஒன்றிரண்டு பகுதிகளில் சேர்த்துப் போட்டால், அவர்கள் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு இறங்குவார்கள். தஞ்சாவூர் வரை போகிறவர்கள் பெட்டியின் நடுவில், ஆட்டமும் கதவுச் சத்தமும் குறைந்த இடத்தில் தூங்குவார்கள். காலியான இடங்களை அங்கே ஏறுபவர்களுக்குக் கொடுக்கும்போதும் மற்றவர்களின் தூக்கம் கெடாது. குடும்பமாகப் போகிறவர்களைப் பிரிக்காமலும் கீழ்ப் படுக்கை முன்னுரிமையைக் கெடுக்காமலும் இதைச் செய்வது மென்பொருள் எழுதுபவர்களுக்குக் கொஞ்சம் தலைவலிதான்.